மஞ்சள் பட்ட கொடி

1

நேற்றுச் சாயங்காலம் மறுபடியும் கொடி வந்துவிட்டது. ஆபீஸ் பியூன் சைக்கிளை விட்டு இறங்காமலே, ஒரு காலை வாசற்படியில் ஊன்றிக்கொண்டு, என் மனைவி கோமதியின் கையில் ஒரு பொட்டலத்தைத் திணித்துவிட்டுப் போனான். பிரித்தால் உள்ளே மடித்த துணி. துணியோடு ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு சர்க்குலர். புது ராஜாவுக்கு முடிசூட்டப் போகிறார்களாம். முடி சூட்டுவது லண்டனில். கொடி கட்ட வேண்டியது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில், இலாகா எங்களுக்கு ஒதுக்கியிருக்கும் குவார்ட்டர்ஸ் வரிசையில், ஒவ்வொரு வீட்டு வாசலிலும்.

சர்க்குலரை நின்றபடியே படித்தேன். கொடி தரையில் படக் கூடாது. தலைகீழாகக் கட்டக் கூடாது. பொழுது சாய்ந்ததும் இறக்கிவிட வேண்டும். இதெல்லாம் பழைய பாட்டு. கடைசியில் புதிதாக ஒரு விதி சேர்த்திருந்தார்கள்: கொடியின் மேல் மஞ்சள், குங்குமம், கறிமசாலா முதலான எதையும் தடவக் கூடாது.

அந்த விதி எங்கள் வீட்டுக்காகவே எழுதப்பட்டது. என் இலாகாவின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, சோறு போடுகிறது. ஆனால் அந்த ஒரு வரி எப்படி அங்கே வந்து சேர்ந்தது என்பதை ஊரிலிருக்கும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே நீங்கள் நம்முடைய கொடியைப் பிடித்ததற்காகத் தடியடி வாங்குகிறீர்கள் என்று பத்திரிகையில் படிக்கிறேன். இங்கே நாங்கள் அடுத்தவன் கொடிக்கு மரியாதை செய்யப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டோம்.

2

இந்த நாட்டில் நான் பார்த்த முதல் கொடியே மஞ்சள்தான். வாலிப வயதில் கப்பலில் வந்து போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு வெளியே நின்றபோது, எங்கள் கப்பல் கம்பத்தில் ஒரு மஞ்சள் துணியை ஏற்றினார்கள். மேல்தட்டில் கிடந்த நாங்கள் எல்லோரும் எழுந்து கும்பிட்டோம். மஞ்சள் அல்லவா! நல்ல சகுனம், கரையில் நமக்கு ஏதோ மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டோம். ஒரு பெண் குலவைகூட இட்டாள்.

டாக்டர் படகில் வந்தார். நாக்கை நீட்டச் சொன்னார்கள், சட்டையைக் கழற்றச் சொன்னார்கள், மூட்டைகளுக்கு மருந்து அடித்தார்கள். அப்புறம்தான் தெரிந்தது, இந்தக் கப்பலில் நோய் இருக்கலாம், சோதனை முடியும் வரை யாரும் கிட்டே வராதே என்று சொல்லும் கொடி அது என்று. நாம் மங்கலம் என்று கும்பிட்டதை அவர்கள் வியாதி என்று ஏற்றியிருக்கிறார்கள். குலவையிட்ட அந்தப் பெண்ணின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை.

3

இரண்டு வருஷத்துக்கு முன், காலமான ராஜாவின் வெள்ளி விழாவுக்குத்தான் முதல்முதலாக வீட்டுக்கு வீடு கொடி கொடுத்தார்கள். சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக, கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகும் அந்தக் கொடியைக் கோமதி இரண்டு கையாலும் வாங்கினாள். கீழே வைக்கவில்லை. நேரே சாமி படத்துக்கு முன்னால் கொண்டுபோய்ப் பலகையின் மேல் வைத்தாள்.

"என்னங்க, இது எப்ப ஏத்தணும்?" என்றாள்.

"நாளைக்குக் காலையில. தினமும் காலையில ஏத்தி, பொழுது சாய இறக்கணும். ஒரு வாரத்துக்கு."

"நேரம் பாத்துச் சொன்னாங்களா?"

"வெள்ளைக்காரன் கொடிக்கு நல்ல நேரம் எதுக்குடி?"

"யாரு கொடியா இருந்தா என்ன? கொடி ஏறிட்டா ஏறினதுதானே?" என்றாள். "நம்மள நம்பித்தானே வீட்டுக்குக் குடுத்தனுப்பியிருக்காங்க."

கோமதிக்கு மாயவரம் பக்கம். அவளுக்குத் தெரிந்த கொடி அம்மன் கோயில் கொடி ஒன்றுதான். அங்கே கொடி ஏறிவிட்டால் கவிச்சி கிடையாது, ஊர் எல்லையைத் தாண்டி ஒரு ராத்திரி தங்கக் கூடாது, வீட்டில் உரத்த சத்தம் கூடாது. அந்தச் சட்டம் முழுவதையும் அவள் ஐந்தாம் ஜார்ஜ் மகாராஜாவுக்கு அப்படியே எடுத்துக் கொடுத்துவிட்டாள். சிரிப்பாக இருக்கிறதா? எனக்கும் அன்று சிரிப்பாகத்தான் இருந்தது.

மறுநாள் தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு வந்து, மஞ்சளைக் குழைத்துக் கொடியின் ஒரு முனையில் தடவினாள். நம் வீடுகளில் புதுத்துணி எது வந்தாலும் செய்வதுதான். பாவாடையாக இருந்தாலும் பட்டு வேட்டியாக இருந்தாலும் முனையில் மஞ்சள் வைக்காமல் யார் உடுத்துகிறார்கள்? அவள் யோசித்துச் செய்ததில்லை, கை தானாகப் போயிற்று. பிறகு கம்பில் கட்டிக் கும்பிட்டாள்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் மீன் இல்லை. கிள்ளானில் என் சித்தப்பா மகளுக்கு வளைகாப்பு, கூப்பிட வந்தவர்களிடம், "கொடி ஏறியிருக்கு, நான் எப்படி வர்றது?" என்று கோமதி சொல்ல, அவர்கள் என்னைப் பார்த்தார்கள். இன்றுவரை அந்த வீட்டில் எங்களோடு மனஸ்தாபம். கான்வென்ட்டில் படிக்கும் எங்கள் மகள் ராஜி தட்டைத் தள்ளிவிட்டாள்.

"ஸ்கூல்ல எல்லாருக்கும் கேக் குடுத்தாங்க. கேர்ள்ஸ் வீட்டுல எல்லாம் பார்ட்டி. நம்ம வீட்டுல மட்டும் பருப்பும் அப்பளமும். கிங் என்ன செத்தா போயிட்டாரு?"

"வாயக் கழுவு," என்றாள் அவள் அம்மா.

4

இந்த ஊர் மழையைப் பற்றி உங்களுக்கு எழுதியிருக்கிறேன். மத்தியானம் வரை வெயில் மண்டையைப் பிளக்கும்; பிறகு யாரோ மேலேயிருந்து அண்டாவைக் கவிழ்த்த மாதிரி கொட்டும். அந்த வாரத்தில் ஒருநாள் அப்படித்தான் கொட்டியது. மழை விட்டதும் பார்த்தால், முனையில் இருந்த மஞ்சள் கரைந்து, கொடியின் வெள்ளைப் பாகத்தில் நீளமாக இறங்கியிருந்தது.

அதே சாயங்காலம் எங்கள் இலாகாத் துரை வரிசையைப் பார்வையிட வந்தார். கூடவே எங்கள் ஹெட் கிளார்க். அவர் எங்கள் ஜில்லாக்காரர்தான், கும்பகோணத்துக்குப் பக்கம். வெள்ளி விழாவுக்கென்றே தைத்த புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு, துரைக்குப் பின்னால் சேறு மிதித்து வந்தார். எங்கள் வாசலில் துரை நின்றார். கைத்தடியால் கொடியைக் காட்டி, "அது என்ன மஞ்சளாக?" என்று கேட்டார்.

கதவோரம் நின்ற கோமதி என்னைப் பார்த்தாள். நான் ஹெட் கிளார்க்கைப் பார்த்தேன். துரை கேட்டதும் அவரைத்தான். ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்: இது எங்கள் வழக்கம், துரையே, மரியாதைக்குச் செய்வது என்று. அந்த மனிதருக்கு அது தெரியாதா? அவர் கொடியைக் குனிந்து பார்த்தார், ஏதோ செத்த எலியைப் பார்ப்பதுபோல மூக்கைச் சுளித்தார். "அழுக்கு, சார். விசாரிக்கிறேன்," என்றார்.

துரை தலையாட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்கு அது அத்தோடு முடிந்தது. எங்களுக்கு அங்கே ஆரம்பித்தது.

மறுநாள் ஆபீஸில் ஹெட் கிளார்க் என்னைக் கூப்பிட்டு, தட்டெழுத்தில் அடித்த ஒரு காகிதத்தை முன்னால் நகர்த்தினார். நான் சொல்ல வேண்டிய சமாதானத்தை அவரே எனக்காக எழுதி வைத்திருந்தார். என் மனைவியின் அறியாமையாலும் அசுத்தமான பழக்கங்களாலும் மாட்சிமை தங்கிய மன்னரின் கொடி கறைபட்டது, மன்னிக்க வேண்டும் என்று இருந்தது.

"கையெழுத்துப் போடுய்யா. விஷயம் முடிஞ்சிடும்."

"போடலேன்னா?"

"கொடிய அவமதிச்சதா ஆயிடும். காலம் கெட்டுக் கிடக்கு. ஊர்ல என்ன நடக்குதுன்னு துரைங்க பேப்பர் படிக்கிறாங்க. வீட்டக் காலி பண்ணச் சொன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது."

வீடு போனால் என்ன ஆகும் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். செந்தூல் கம்பத்தில், அந்தக் குடிசைப் பகுதியில், அத்தாப்பு ஓலைக் கூரைக்குக் கீழே, தண்ணீர்க் குழாய் இல்லாத இடத்தில், ராஜியின் பள்ளிக்கூடத்தை விட்டுத் தொலைவில் போய்க் கிடக்க வேண்டும். நான் காகிதத்தைப் பார்த்தேன். பிறகு அவரைப் பார்த்தேன். அவர் குனிந்து மையொற்றும் தாளை எடுத்தபோது கோட்டுக் காலர் விலகியது. காலரின் உள்பக்கம், பிடரிக்கு நேரே, கட்டைவிரல் அகலத்துக்கு மஞ்சள் இருந்தது. புதுக் கோட்டல்லவா, வீட்டம்மாள் தடவி அனுப்பியிருக்கிறாள்.

"சார், உங்க காலர்லயும் இருக்கு," என்றேன்.

அவர் சட்டென்று கையால் காலரை மூடினார். முகம் சிவந்தது. யாராவது கேட்டார்களா என்று சுற்றிலும் பார்த்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, "இது வீட்டு விஷயம்யா. அது சர்க்கார் விஷயம்," என்றார்.

என் வாழ்நாளில் நான் கேட்ட பேச்சுகளில் இதைவிட அருவருப்பானது இன்னொன்று இல்லை. வெள்ளைக்காரன் நம்மை அழுக்கு என்று நினைத்தால் அவனுக்குத் தெரியாது என்று விட்டுவிடலாம். தன் பிடரியில் மஞ்சளை வைத்துக்கொண்டு அடுத்தவன் பெண்டாட்டியை அழுக்கு என்று எழுதுகிறவனை என்ன சொல்ல?

காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுபோனேன். மறைக்க மனமில்லை. கோமதி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். தமிழில் சொன்னேன். முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"தலைக்குக் குளிச்சிட்டுத்தானே தொட்டேன்?" என்றாள்.

நான் அந்தக் காகிதத்தை நான்காகக் கிழித்து அடுப்பில் போட்டேன்.

5

கையெழுத்துப் போடாததால் விஷயம் துரையிடமே போயிற்று. கூப்பிட்டனுப்பினார். வழியெல்லாம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியதை நெட்டுருப் போட்டுக்கொண்டே போனேன். கிடங்கு கிளார்க்கான எனக்கு ஆணி, தாழ்ப்பாள், வார்னிஷ் எல்லாவற்றுக்கும் ஆங்கிலம் தெரியும். ஒரு பெண் ஒரு துணியைக் கும்பிடுவதற்கு எனக்கு ஆங்கிலம் தெரியவில்லை. மங்கலம் என்பதற்கு ஒரு சொல்லைத் தேடினேன், அகப்படவில்லை. மஞ்சளுக்கு மட்டும் அகப்பட்டது, கூலிகளுக்கு அளக்கும் சாமான் பட்டியலில் அடிக்கடி வரும்.

ஹெட் கிளார்க் கதவோரம் கைகட்டி நின்றார். நான் சொன்னேன்: துரையே, என் மனைவி கொடியை அசுத்தம் செய்யவில்லை. மஞ்சள் வைத்தாள். எங்களில் புதுத்துணிக்கு வைப்பது. கோயில் கொடிக்குச் செய்கிற மரியாதையை இதற்கும் செய்தாள். ஒரு வாரம் மீன்கூட சமைக்கவில்லை.

துரை நெற்றியைச் சுருக்கினார். "மஞ்சள் என்றால், கறியில் போடுவீர்களே, அந்தத் தூளா?"

"ஆமாம் துரையே. ஆனால்..."

அதற்குமேல் அவருக்குக் கேட்கவில்லை. நாற்காலியில் சாய்ந்து சிரிக்க ஆரம்பித்துவிட்டார். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கறிப்பொடி! ராஜாவின் கொடியில் கறிப்பொடி!" அடுத்த அறையிலிருந்த இன்னொரு துரையைக் கூப்பிட்டுச் சொன்னார். அவரும் சிரித்தார். எல்லாவற்றையும்விட, கதவோரம் நின்ற நம்மவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதற்கு என்று அவருக்கே தெரிந்திருக்காது.

"போ, போ. உன் மனைவியிடம் கொடியைச் சமைக்க வேண்டாம் என்று சொல்," என்றார் துரை. கெட்ட மனிதர் இல்லை. ஃபைலை மூடிவிட்டார். வீடு தப்பியது.

வீடு தப்பியதே என்று நண்பர்கள் கைகுலுக்கினார்கள். எனக்கு அந்தக் கையைக் கழுவ வேண்டும்போல இருந்தது. தண்டனை கொடுத்திருந்தால்கூட, அவள் செய்ததற்கு ஒரு கனம் இருந்திருக்கும். அதைக் கிளப்பில் சாராயத்துக்குத் தொட்டுக்கொள்ளும் சமாசாரமாக்கிவிட்டார்கள். ஹெட் கிளார்க்கின் மகளும் ராஜியின் வகுப்பில்தான். சில நாளில் பள்ளிக்கூடத்தில் என் மகளுக்கு 'கறிக்கொடி' என்று பெயர் வந்துவிட்டது. அவள் வீட்டுக்கு வந்து பையை எறிந்தாள். கோபித்துக்கொண்டது அந்தப் பெண்களை இல்லை, தன் அம்மாவை.

6

சரி, கோமதி மரியாதை செய்யத் தெரியாதவள். தெரிந்தவர்கள் எப்படிச் செய்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளி விழாவின் கடைசி நாள் மைதானத்தில் ஓட்டப்பந்தயம் நடந்தது. பரிசுக் கோப்பைகள் வைத்த மேசைமேல் விரிப்பு என்ன என்று நினைக்கிறீர்கள்? அதே கொடிதான், கொஞ்சம் பெரியது. பரிசு கொடுத்து முடித்ததும் துரைமார் பீர்க் குவளைகளை அதன்மேல் வைத்தார்கள். எழுந்து போனபோது ராஜாவின் கொடி முழுவதும் ஈர வட்டங்கள். அதற்கு யாரும் யாரிடமும் சமாதானம் கேட்கவில்லை. பீர்க் கறைக்குத் தடை சர்க்குலரில் இன்றுவரை கிடையாது.

வீட்டுக் கொடிகளைத் துவைத்துத் திருப்பித் தரச் சொன்னார்கள். எல்லாம் என் கிடங்குக்குத்தான் வந்தன. கொஞ்ச நாள் மூலையில் கிடந்தன. பிறகு மேலிடத்து உத்தரவு வந்தது. பட்டறையில் மிஷின் துடைக்கத் துணி இல்லை, அவற்றைக் கிழித்துக் கொடு என்று. நான்தான் கொடுத்தேன். கிரீஸும் கரியும் பிடித்து, கூலிகளின் இடுப்பில் செருகியபடி அந்தச் சிவப்பு வெள்ளை நீலம் பல மாதம் பட்டறையில் அலைந்தது. எங்கள் வீட்டுக் கொடியும் அதில் எங்கோ இருந்தது. கோமதியிடம் இதை நான் சொல்லவில்லை. ஒருநாள் சட்டைப்பையில் மறந்து வைத்திருந்த ஒரு துண்டை, துவைக்கும்போது அவளே எடுத்துப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அதாலேயே அடுப்புமேடையைத் துடைத்தாள்.

நம்மவர்கள் யோக்கியமா என்று கேட்காதீர்கள். இங்கே நமக்கு ஒரு வாசகசாலை உண்டு. அலமாரிக்குள் மூவர்ணக் கொடி ஒன்று ஒளித்து வைத்திருக்கிறோம். ஊரிலிருந்து யாராவது பிரசங்கி வந்தால் ஜன்னலைச் சாத்திவிட்டு எடுத்து மாட்டுவோம். தொண்டை கிழியக் கத்துவோம், கண்ணில் நீர் விடுவோம். போன தடவை கூட்டம் முடிந்த மறுநாள் போய்ப் பார்த்தேன். ஆர்மோனியத்துக்கு உறை இல்லையென்று அந்தக் கொடியைச் சுற்றி வைத்திருந்தார்கள். அதன்மேல் வெற்றிலைத் தட்டு. ராட்டையின் மேல் சுண்ணாம்பு. "யாருய்யா இப்படிச் செஞ்சது?" என்று கேட்டேன். "அட விடுங்கண்ணே, துணிதானே லா," என்று இந்த ஊர் 'லா' போட்டுச் சொன்னார் காரியதரிசி. கதர் வேட்டி கட்டியிருந்தார்.

7

இன்று காலை. ராஜி பள்ளிக்கூடம் கிளம்பும் முன் கொடிப் பொட்டலத்துக்குப் பக்கத்திலேயே நின்றாள். அவள் அம்மா கிட்டே வந்ததும் குறுக்கே கையை நீட்டினாள்.

"அம்மா, ப்ளீஸ். மஞ்சள் கிஞ்சள் வச்சிடாதீங்க. இந்தத் தடவை ரூலே போட்டிருக்காங்க. நானே கட்டிடவா?"

"நீ போ. பஸ் வந்துடும்," என்றாள் கோமதி. "நான் ஒண்ணும் வைக்க மாட்டேன்."

ராஜி நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். போய்விட்டாள்.

கோமதி அப்போதுதான் பாசாருக்குப் போய்ச் சந்தைச் சாமான்களோடு வந்திருந்தாள். கூடையில் கெம்போங் மீன், நம் ஊர்க் கானாங்கெளுத்திதான். திண்ணென்ற பெரிய மீனாகப் பார்த்து வாங்கியிருந்தாள். முற்றத்தில் உட்கார்ந்து செதில் சீவி, கழுவி, மிளகாய் தடவி வைத்தாள். கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு வந்து, பொட்டலத்தைப் பிரித்து, கொடியை இரண்டு விரலால் தூக்கி உதறினாள். கம்பில் இரண்டு முடிச்சுப் போட்டாள். கும்பிடவில்லை. ஏறிட்டும் பார்க்கவில்லை. உள்ளே போய் எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் வைத்தாள்.

இரண்டு வருஷத்துக்கு முன் இந்தக் கொடிக்காக உறவை இழந்தவள் இவள். எங்கள் வரிசையில், ஏன், இந்த நகரத்திலேயே அதை உள்ளபடி மதித்த ஒரே ஜீவன் அவளாகத்தான் இருந்திருக்கும். அந்த ஒருத்தியையும் அவர்கள் சிரித்தே விரட்டிவிட்டார்கள். ராஜாவுக்கு அது நஷ்டம் என்று யார் போய்ச் சொல்வது?

நான் வாசலில் நின்றிருந்தபோது ஹெட் கிளார்க் வந்தார். துரை வருமுன் ஒவ்வொரு வீடாகச் சரிபார்க்கிறார். எங்கள் கொடியின் நாலு முனையையும் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"பேஷ்! இந்தத் தடவை லைன்லயே உங்க வீட்டுக் கொடிதான்யா சுத்தம்," என்றார். "வீட்டுல சொல்லு, ரொம்பச் சந்தோஷம்னு."

அவர் போனதும் உள்ளே போனேன். மீன் எண்ணெயில் சுரீரென்று விழுந்தது. புகை ஜன்னல் வழியாக வாசலுக்கு, கொடிக்கு நேரே போய்க்கொண்டிருந்தது.

"அவரு என்ன சொல்றாரு?" என்றாள் திரும்பாமலே.

"கொடி சுத்தமா இருக்காம்."

கோமதி மீனைப் புரட்டிப் போட்டாள்.

"நான் இன்னும் குளிக்கவே இல்லையே," என்றாள்.